அக்கா படத்தருகே ஒரு மெழுகுத் துண்டு

1

சனிக்கிழமை காலையில் நான் துணி துவைக்கப் போடுவதற்கு முன் செய்கிற வேலை, யமுனாவை ஸ்கைப்பில் பிடிப்பது. எனக்குக் காலை என்றால் ஒரகடம் பக்கத்து வல்லத்தில் அவளுக்குச் சாயங்காலம். யமுனா என் அக்கா மகள், ஆறு வயது. அக்கா இல்லை. அவளை வளர்ப்பது அவள் அப்பாவும், அப்பாவின் அக்கா காஞ்சனாவும். நான் இந்த அமெரிக்க நகரத்தில், ஏரிக்கரையில், ஒன்பது வருஷமாகக் குளிரை வைதுகொண்டு உட்கார்ந்திருக்கும் சித்தி.

அன்று அவளுக்குப் புதுச் செருப்பு வந்திருந்தது. அதைக் காட்டுவதற்காகப் போனோடு வீடு முழுவதும் ஓடினாள். தரை தெரிந்தது, டிவி தெரிந்தது, காஞ்சனா அக்காவின் முழங்கை தெரிந்தது. பிறகு சுவரில் அடித்த பலகையில் செல்வி அக்காவின் படம். படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக, வெள்ளையாக, ஏதோ ஒன்று. அதன் தலையில் ஒரு கிள்ளு மல்லிகை.

தீப்பெட்டியை விடச் சற்றுச் சின்ன பிளாஸ்டிக் சட்டம். அதன் மேல் சதுரமாக மெழுகு. மெழுகுக்குள் வெளிறிய ஒரு துணுக்கு. ஊரில் யாரும் அதை என்னவென்று கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் என் கைகள் அதைத்தான் தொடுகின்றன.

"யமுனா, கொஞ்சம் பின்னால போ. அம்மா படத்துகிட்ட இன்னா அது?"

"அதுவா சித்தி? அது அம்மா."

"படத்தைச் சொல்லலம்மா. பக்கத்துல பூ வச்சிருக்கே, அது."

"அதான் சித்தி. அதான் அம்மா. படம் சும்மா படம்."

மாமா போனை வாங்கினார். மாமா என்றால் அக்காவின் கணவர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். எதையும் இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் பேசுவார்.

"ஆஸ்பத்திரில குடுத்தது சுமதி. செல்வி ஒடம்புல இருந்து எடுத்ததாம். பத்தரமா வச்சிக்கச் சொன்னாங்க. பீரோவுல இருந்துச்சி. இப்பதான் வெளியே எடுத்து வச்சேன். எரிச்சதுக்கு அப்புறம் அவளுதுன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதானே."

நல்லது மாமா என்றேன். அது அக்கா இல்லை, அக்காவைத் தின்றதுதான் அதற்குள் இருக்கிறது என்று அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அன்று துணி மெஷினிலேயே ஊறிக் கிடந்தது.

2

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டியை அறுத்து எடுத்தால் அதைத் தூக்கி எறிந்துவிட மாட்டார்கள். அதில் துண்டு துண்டாக எடுத்து, மெழுகில் பதித்து வைப்பார்கள். தேவைப்படும்போது வெங்காயத் தோலை விட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நம் ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமென்றால் அந்த மெழுகுத் துண்டை வீட்டுக்காரர்கள் கையிலேயே கொடுத்து அனுப்புவார்கள். மாமா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர்.

இனி மல்லிகை.

செல்வி அக்கா சுங்குவார்சத்திரம் பக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் அசெம்ப்ளி லைனில் நின்றாள். யமுனா பிறந்து மூன்று மாதத்தில் திரும்பவும் ஷிப்டுக்குப் போனாள். குழந்தை வீட்டில் புட்டிப்பால் குடிக்கப் பழகிவிட்டது. அக்காவின் மார்புக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. பால் சுரந்து கம்பெனிக் கோட்டு நனைந்துவிடும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பால் வற்ற மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். அது வேலை செய்யுமா என்று விஞ்ஞானியாக என்னைக் கேட்காதீர்கள். அம்மா கட்டியிருக்கிறாள், காஞ்சனா அக்கா கட்டியிருக்கிறாள். அக்காவும் கட்டிக்கொண்டு போனாள்.

அவள் வேலை பார்த்த இடத்தில் பூ கூடாது, வளையல் கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது. தூசு விழுந்தால் சர்க்யூட் போர்டு போச்சு. அன்றைக்கு நடந்ததை அவள் போனில் சொன்ன விதம் இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

"சூபர்வைசர் சுத்திச் சுத்தி வந்து மோந்து பாக்கறான்டி. ‘யாரு பூ வச்சிகினு வந்தது?’ன்றான். யாரும் வாயத் தொறக்கல. ஒவ்வொருத்தியா கேப்பைக் கழட்டச் சொல்றான். எந்த மண்டையிலயும் பூ இல்ல. ‘அப்புறம் எங்கருந்துதான் வருது வாசனை?’ன்னு என் எதுர்ல நின்னுகினு கேக்கறான். நான் இன்னாத்தைச் சொல்றது? லைனே சிரிக்குது. அவனுக்குக் கல்யாணம்கூட ஆகல பாவம்."

நான் இந்தப் பக்கம் ஆய்வகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதானா என்று நினைத்துப் பார்க்கிறேன். இல்லை, பிறகும் சிரித்திருக்கிறோம். ஆனால் எனக்கு அதுதான் நினைவில் நிற்கிறது.

பால் வற்றியது. இடது பக்கத்தில் மட்டும் ஒரு கெட்டி அப்படியே இருந்தது. பால் கட்டிக்கொண்டது என்றார்கள். வெந்நீர் ஒத்தடம், மறுபடியும் மல்லிகை. பால் கட்டுவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி; வரும், வலிக்கும், கரையும். இது வலிக்கவில்லை. வலிக்காததால் இன்னும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். ஊரைக் குறைசொல்லிப் பயனில்லை. பிள்ளை பெற்றவளின் மார்பில் கெட்டி என்றால் இங்கேயும் முதலில் பால் என்றுதான் நினைப்பார்கள், டாக்டர்கள் உட்பட.

அக்கா என்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருக்கிறாள். சென்னையில் அறுவை முடிந்து, முடி கொட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். யமுனாவுக்கு இரண்டு வயது முடிவதற்கு முன் அவள் போய்விட்டாள்.

அப்போது என் விசா மாற்ற விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் இருந்தது. நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதுவோம் என்று அச்சடித்த தாளில் போட்டிருந்தார்கள். என்ன சொல் பாருங்கள், கைவிடுவது. யார் யாரைக் கைவிட்டது என்று கேட்க அந்த அலுவலகத்தில் மனிதக் குரலில் பேசும் போன் நம்பர்கூட இல்லை. அக்காவை எரித்த அன்று நான் இங்கே பனியைத் தள்ளிக் காரை வெளியே எடுத்து வேலைக்குப் போனேன்.

3

நான் பார்க்கும் வேலையை இதுவரை ஊரில் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ‘ரத்த டெஸ்ட் பண்றா’ என்று மாமா பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தார். மெழுகுத் துண்டைப் பார்த்த மறுவாரம் அவரே கேட்டார்.

"நீ இன்னா வேலைமா பண்ற அங்க? செல்விக்கு வந்ததுக்கு மருந்தா?"

"மருந்து இல்ல மாமா. வராமலே தடுக்கறதுக்கு. தடுப்பூசி மாதிரி."

"போலியோவுக்குப் போடறாப்பல?"

"அது மாதிரிதான். ஆனா போலியோ வெளியே இருந்து வர்ற கிருமி. அடையாளம் ஈசி. இது நம்ம ஒடம்பே பண்றது. காவல்காரனுக்கு யாரைப் பிடிக்கறதுன்னு தெரியாது."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வருஷக் கணக்கில் யாரும் கேட்காத கேள்வி. அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமென்று கம்பெனி கேட்டையே எடுத்துக்கொண்டேன். கேட்டில் செக்யூரிட்டி நிற்கிறார். உள்ளே ஆயிரம் பேர், எல்லோருக்கும் ஒரே யூனிபாரம். அதில் கெட்டவன் யார்? அவனுக்கென்று ஒரு அடையாளம் வேண்டும், நல்லவன் எவனிடமும் இல்லாத அடையாளம். அதைத் தேடுவதுதான் எங்கள் வேலை. கட்டியில் கிடைக்கிற ஒன்று இதயத்திலும் இருந்தால் ஆபத்து. ஊசி போட்டால் செக்யூரிட்டி இதயத்தையே அடிப்பான். ஈரலில் இருந்தாலும் அப்படித்தான். கிடைத்ததையெல்லாம் உடம்பு முழுக்க ஒத்துப்பார்த்து, தள்ளித் தள்ளி வர வேண்டும். பெரும்பாலும் தள்ளுவதுதான் வேலை.

அதில் நாங்கள் தள்ளாமல் வைத்திருந்த ஒன்று, பால் சுரக்கும்போது மட்டும் மார்பு செய்கிற ஒரு புரதம். பிள்ளை பால் மறந்ததும் உடம்பு அதைச் செய்வதை நிறுத்திவிடும். வேலையை விட்டு நின்று, கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஆள் மாதிரி. சில கட்டிகளில், சிலவற்றில் மட்டும், அந்த ஆள் கார்டு இல்லாமல் மறுபடியும் லைனில் நிற்கிறான். இனிப் பிள்ளை பெறப்போவதில்லை என்கிற பெண்ணின் உடம்பில் அவனுக்கு வேலையே கிடையாது. அவனைக் கண்டால் பிடி என்று செக்யூரிட்டிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் ஊசி. எல்லாம் இன்னும் எலியில்தான். மனிதருக்கு வர எவ்வளவு காலமாகும், வருமா என்பதே தெரியாது.

மாமா பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ அந்தக் கட்டில பால் கீதுன்ற."

"பால் இல்ல மாமா. பால்ல இருக்கற ஒரு புரதம். அதுவும் எல்லாக் கட்டிலயும் இல்ல."

"செரி செரி. புரியுது."

இரண்டு வாரம் கழித்துக் காஞ்சனா அக்கா போனை வாங்கினாள். குரலில் ஒரு வெற்றி.

"அமெரிக்காவுலயே கண்டுபுடிச்சிட்டாங்களாமே, பால் கட்டிதான்னு! நாங்க அப்பவே சொன்னோம். டாக்டருங்கதான் சிரிச்சாங்க."

அவர்கள் சொன்னது சரியில்லை. சரியாக இருந்திருந்தால் வெந்நீரில் கரைந்திருக்கும். அக்கா இன்றைக்கு ஏதாவது ஒரு லைனில் கேப் மாட்டிக்கொண்டு நின்றிருப்பாள். அதைச் சொல்லிப் பார்த்தேன். காஞ்சனா அக்கா அதற்குள் வேறு புகாருக்குப் போய்விட்டாள்.

"நீயாவது சொல்லு சுமதி. இந்தப் பொண்ணு பாலைத் தொட மாட்டேங்குது. தயிரும் வாணாம்ன்றா. ஸ்கூல்ல குடுக்கற மில்க் பிஸ்கட்டைக்கூடத் தூக்கிப் போட்டுட்டு வரா. எல்லாம் அப்பன் குடுக்கற செல்லம்."

குழந்தைகள் இப்படித்தான் அக்கா, என் பையனும் கீரையைத் தொடமாட்டான் என்றேன். போனை வைத்த பிறகும் ஏதோ உறுத்தியது.

4

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரே நினைப்பு. அந்த மெழுகுத் துண்டு என் மேசைக்கு வந்தால், ஒரு சீவல் போதும். நாங்கள் தினம் போடுகிற சாயத்தைப் போட்டால் ஒரு நாளில் தெரிந்துவிடும். அந்தப் புரதம் இருந்தால் பழுப்பாகும். இல்லையென்றால் நீலமாகவே கிடக்கும். பழுப்பு என்றால், நாங்கள் தேடுகிற ஊசி அக்காவைக் காப்பாற்றியிருக்கும் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லலாம். எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. தெரிந்து என்ன செய்யப்போகிறேன் என்பது தனி.

எங்கள் ஆய்வகத்தில் வருகிற ஒவ்வொரு கண்ணாடியிலும் எண் மட்டும்தான் இருக்கும். யாருடையது, எந்த ஊர், இருக்கிறாளா இல்லையா, எதுவும் எங்களுக்குத் தெரியக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம். ஆனால் பெயரில்லாத அத்தனை பெண்களுக்கும் நான் மனதுக்குள் செல்வி என்றே பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு, வெளியே நல்ல வெயிலில், மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருக்கும்போது மல்லிகை வாசனை வரும். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவேன். பக்கத்து மேசைச் சீனப் பெண் புது சோப்பா என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கும் வாசனை வந்ததா, அல்லது கழுவிய கையைப் பார்த்துக் கேட்டாளா என்று இன்றுவரை கேட்டுத் தெளிந்துகொள்ளவில்லை.

அனுமதிக்காக அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். கனிவான அம்மாள். மூன்று படிவங்களை எடுத்து வைத்தார். சதையை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஒன்று, ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த ஒன்று, கொடுப்பவரின் சம்மதத்துக்கு ஒன்று. கொடுப்பவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். வீட்டில் இருக்கிறாள், அவள் கணவர் பார்த்துக்கொள்கிறார் என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்படியானால் சிக்கலில்லை, உங்கள் அக்காவே கையெழுத்துப் போடலாம் என்றார். திருத்திச் சொல்வதற்கு நான் பட்ட பாடு! நாலு வருஷமாக ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறவள், அக்கா செத்துவிட்டாள் என்பதற்கான மூன்று ஆங்கிலச் சொல் வராமல் திண்டாடினேன்.

பிறகு அவர் சொன்னது நியாயம்தான். சம்மதம் இல்லாதது, போதாக்குறைக்கு என் சொந்த ரத்தம். என் கையால் சோதிக்கவே கூடாது. வேண்டுமானால் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார், ஏதோ உயிருள்ள ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி. மாசியில் அக்காவின் திதி வருகிறது. டிக்கெட் போட்டேன்.

கிளம்புகிற அன்று என் மகன் யாரைப் பார்க்கப் போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டான். பெரியம்மாவை என்றேன். அவனுக்கு அந்தச் சொல் கிடையாது. "போட்டோ ஆன்ட்டியா?" என்றான். ஆமாம், போட்டோ ஆன்ட்டிதான்.

5

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கியபோது எனக்கு வழி தெரியவில்லை. நான் பஸ்ஸுக்கு நின்ற புளியமரம் இருந்த இடத்தில் மேம்பாலத்தின் கால் நின்றது. கொரிய எழுத்தில் சாப்பாட்டுக் கடைப் பலகை. மாமா பைக்கில் வந்து அழைத்துப்போனார். வீட்டுக்கு மேல் இரண்டு அறை கட்டி, தென்காசிப் பக்கத்துப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நைட் ஷிப்ட் முடிந்து தூங்குவார்கள் என்று வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். அது எனக்கும் வசதியாக இருந்தது.

திதி காலையில் முடிந்தது. காஞ்சனா அக்கா பாயசத்துக்குப் பால் காய்ச்சினாள். பால் பொங்கி வாசனை வந்ததும் யமுனா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து படம் இருந்த அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். பலகைக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். போனில் பார்த்ததை விடச் சின்னப் பெண்.

"பால் வாசனை புடிக்கலையா?"

"புடிக்கும்."

"அப்புறம் ஏன்மா?"

அவள் செருப்பில்லாத தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் குடிக்கலையாம் சித்தி. சின்னப் புள்ளைல. புட்டிதான் வேணும்னு அழுதனாம். அதான் அம்மாக்குப் பால் கட்டிக்கிச்சாம். நீ கூட அமெரிக்காவுல பாத்தியாமே, அதுல பால் கீதுன்னு. அம்மாகிட்டயே குடிக்காத பாலு எனக்கு இன்னாத்துக்கு?"

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒன்பது வருஷம் படித்து, எலிகளுக்கு ஊசி போட்டு, கம்பெனி கேட்டையெல்லாம் உவமை சொல்லி, கடைசியில் நான் கண்டுபிடித்துக் கொடுத்தது இதுதான். ஆறு வயதுப் பெண் தன் அம்மாவைத் தானே கொன்றதற்கு அமெரிக்காவிலிருந்து அத்தாட்சி. யாரும் அவளைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை. அவள் இருக்கும்போது பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை எடுத்து, அவளே கோத்திருக்கிறாள்.

"இல்ல யமுனா," என்றேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அது அங்க வந்துடுச்சி. சின்னதா, கண்ணுக்கே தெரியாம. நீ குடிச்சிருந்தாலும் அது இருந்திருக்கும்."

"நெஜமா?"

"நெஜமா."

"மிசின்ல பாத்தியா?"

"பாத்தேன்."

பார்க்கவில்லை. இப்படிப்பட்ட கட்டி கைக்குத் தட்டுப்பட வருஷங்கள் ஆகும் என்பது உண்மை. பெரும்பாலும் அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கியிருக்கும் என்பதும் உண்மை. அந்தப் ‘பெரும்பாலும்’ இல்லாமல் எங்கள் ஆய்வகத்தில் எந்த வாக்கியத்தையும் வெளியே விட மாட்டோம். அன்று நான் அதை விழுங்கிவிட்டேன். தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு இந்த நோய் சற்றுக் குறைவு என்றும் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அதையும் விழுங்கினேன். ஆறு வயதுக்காரிக்குச் சொல்லவேண்டிய இடத்தில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை.

பலகையிலிருந்து அந்த மெழுகுத் துண்டை எடுத்தேன். பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விளக்குப் பக்கம் இருந்த ஒரு மூலை சூட்டில் இளகி மழுங்கியிருந்தது. பின்னால் மாமா வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. சொன்னதையெல்லாம் கேட்டிருப்பார் போல. கண் சிவந்திருந்தது.

"எடுத்துகினு போ சுமதி. உங்க லேப்ல போட்டுப் பாரு. பால் கீதா இல்லையா, ஒரேயடியா தெரிஞ்சிடும்."

இதைக் கேட்கத்தான் நான் அத்தனை தூரம் பறந்து வந்திருந்தேன். சென்னையில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு சீவல், ஒரு சாயம், இரண்டு நாள் போதும்.

பழுப்பாக வந்தால்? மாமா சொல்வார், காஞ்சனா அக்கா சொல்வாள், ஒருநாள் இந்தப் பெண்ணுக்கும் எட்டும், கட்டியில் பால் இருந்தது என்று. புரதம் என்ற சொல் வல்லம் வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிடும் என்று எனக்கு இப்போது தெரியும். நீலமாக வந்தால், நான் தேடுகிற ஊசியால் அக்காவுக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது என்று ஆகும். இரண்டில் எதை வைத்துக்கொண்டு நான் திரும்பிப் போவது?

"வாணாம் மாமா," என்றேன். "எனக்குத் தெரிய வேணாம்."

பிறகு சொல்லித்தான் ஆக வேண்டியதைச் சொன்னேன். அவர் தினமும் பூ வைத்து விளக்கேற்றுவது அக்காவுக்கு இல்லை, அவளிடமிருந்து அறுத்து எடுத்த நோய்க்கு என்று. எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

மேலே யாரோ புரண்டு படுத்தார்கள், கட்டில் கிறீச்சிட்டது.

"அப்போ நான் இத்தினி நாளா எதுக்குமா பூ வச்சிகினு இருந்தேன்? சட்டைப் பையில வச்சிகினு சுத்தினேனே. பஸ்ல அதும் மேல யாரும் இடிச்சிடக் கூடாதுன்னு கையால மறைச்சிகினு... அதுக்கா?"

யமுனா என் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தாள். "இது பூராவும் நோயா சித்தி?"

துண்டை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். நடுவில் சாம்பல் வெள்ளையாக, கெட்டியாக ஒரு திட்டு. இந்த ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பார்த்த அதே திட்டு. சற்றுத் திருப்பினேன். ஒரு பக்கத்தில், விளிம்பில், மஞ்சள் கலந்து வெளிச்சத்தை உள்ளே விடுகிற மாதிரி மெல்லிய கீற்று. அறுக்கும்போது நோயை மட்டும் தனியாக எடுக்க முடியாது. சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதை சேர்ந்து வரும். எங்கள் வேலைக்கே அது வேண்டும். நோயில் இருக்கிற அடையாளம் அந்த ஓரத்தில் இல்லை என்று ஒத்துப் பார்த்த பிறகுதான் எதையும் நம்புவோம்.

"பூராவும் இல்ல," என்றேன். "நடுவுல இருக்கறதுதான் நோய். இதோ இந்த ஓரம் தெரியுதா, மஞ்சளா? இது நோய் இல்ல. இது அம்மா."

யமுனா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "இத்தினியூண்டா?"

"இத்தினியூண்டு."

மாமா வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, ஜன்னலிலேயே நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பலகையில் வைத்தார். விளக்கை எடுத்து மறு கோடிக்கு நகர்த்தினார். என் மடியிலிருந்த மல்லிகையை யமுனா எடுத்தாள். முன்போல மேலே வைக்கவில்லை. எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டு, அந்த மஞ்சள் ஓரத்தை ஒட்டி வைத்தாள்.

6

திரும்பி வந்து மூன்று மாதமாகிறது. யமுனா இன்னும் பால் குடிக்கவில்லை. மோர் மட்டும் குடிக்கிறாள் என்று காஞ்சனா அக்கா சொல்கிறாள், அதுவும் யாரும் பார்க்காதபோது. போன சனிக்கிழமை என் மகனிடம் போனைக் கொடுத்தேன். அவனுக்குத் தமிழும் அவளுக்கு ஆங்கிலமும் தடுக்கியது. கடைசியில் அவள் போனைத் திருப்பிப் பலகையைக் காட்டி, "உன் பெரிம்மா. படம் இல்ல, பக்கத்துல. அதுலயும் ஓரம்," என்றாள். அவனுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினான்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வலிக்காத கெட்டி பத்து நாளில் கரையவில்லையென்றால் பால் என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், போய்க் காட்டுங்கள். அதைப் பற்றிப் பேசும்போது பக்கத்தில் குழந்தை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தேடுவது கிடைத்துவிடவில்லை. நேற்றுகூட ஒன்றைத் தள்ளினோம், ஈரலில் இருந்தது. மத்தியான வேளைகளில் மல்லிகை இன்னும் வருகிறது. இப்போது நான் முகம் கழுவப் போவதில்லை. கண்ணாடியை வைத்ததும் எல்லோரும் நடுவில் இருக்கிற கட்டியைத்தான் முதலில் பார்ப்பார்கள், அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் முதலில் ஓரத்துக்குப் போய், அங்கே யார் இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு, பிறகு நடுவுக்கு வருகிறேன்.